மாலி நம் ஊரில் தங்குவதற்காகப் பூந்தமல்லி வரை

பர்மா, சயாம், மலாயா என்று பிழைக்கப் போன இடத்தில் அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, போருக்குப் பயந்து மனைவியோடு திரும்பியவர்கள் நம் ஜில்லாவில் பலர் உண்டு. அவர்களில் சயாம் பெண்ணைக் கட்டிய சிலர் என்னைத் தேடி வந்து, "உங்கள் மனைவிக்கு மட்டும் இங்கே தங்க எப்படி அனுமதி கிடைத்தது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் பாங்காக்கில் ஒரு ஜவுளிக் கடையில் ஏழு வருஷம் இருந்தேன். மாலியை அங்கேதான் மணந்தேன். அவர்கள் வழக்கப்படி சங்கால் எங்கள் கைகளில் தண்ணீர் ஊற்றினார்கள், பிக்குகள் ஓதினார்கள், ஊரார் சாப்பிட்டார்கள். ரிஜிஸ்தர் எதுவும் செய்யவில்லை. அப்போது அது தேவை என்றும் படவில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்ததும் இருவரும் கப்பலேறி எங்கள் ஊரான கோவில்பதாகைக்கு வந்து சேர்ந்தோம்.

இரண்டு வருஷம் கழித்து சயாம் ஜப்பான் பக்கம் சேர்ந்துகொண்டது. சென்னையிலிருந்து ஜனங்கள் குண்டுக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த சமயம். கிராம முன்சீப் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். பூந்தமல்லியில் ஓர் அதிகாரி முகாம் போட்டிருக்கிறார். மாலி அவர் முன் ஆஜராக வேண்டும். பிரிட்டிஷ் பிரஜையின் மனைவி என்றால் அவளும் பிரிட்டிஷ் பிரஜைதான். அதைக் காட்ட முடியாவிட்டால் எதிரி நாட்டவள் என்று காவல் முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். "உன் பேச்சு மட்டும் பத்தாது. உன் குடும்பத்திலிருந்து ஒருத்தர் வந்து சொல்லணும்" என்றார்.

அப்பா அதற்குள் காலமாகிவிட்டார். அண்ணன் விஷக் காய்ச்சலில் படுத்திருந்தார். மிச்சம் இருந்தது அண்ணி குப்பம்மா ஒருவர்தான். அண்ணியின் தங்கையைத்தான் எனக்குப் பேசி வைத்திருந்தார்கள். நான் மாலியோடு வந்து இறங்கிய நாள்முதல் அண்ணிக்கும் அவளுக்கும் அடுப்படியில் சண்டை. எந்த முகத்தோடு போய் அவரைக் கேட்பது? கேட்கவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஆவடியிலிருந்து மஸ்தான் பாயின் குதிரை வண்டி வந்தது. பூந்தமல்லி எட்டு மைல். போய்வர ஒன்றே கால் ரூபாய் பேச்சு. நானும் மாலியும் வெளியே வந்தபோது அண்ணி தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல புடவை கட்டி, வண்டியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"எங்கே அண்ணி?" என்றேன்.

"ஊட்டு ஆளு ஒருத்தர் வரணும்னாங்களே. ஏறுங்க, வெயில் வந்துடப் போவுது."

இருவரும் ஏறினோம். அண்ணி ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் மாலி திரும்பி வரமாட்டாள். மாலி என் கையைப் பிடித்தாள்.

ஆவடியைத் தாண்டியதும் ராணுவத்துக்காக அளந்து கல் நட்ட நிலங்கள். பருத்திப்பட்டுக்கு அப்பால் கூவம் ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்கும் கீழேதான். குதிரைக்குத் தண்ணீர் காட்ட பாய் வண்டியை நிறுத்தினார். "இன்னா நைனா, யாருமே பேச மாட்டேன்றீங்க? சாவு ஊட்டுக்கா போறோம்?" என்றார். அண்ணி மட்டும், "வண்டிய ஓட்டு பாய்" என்றார்.

ஏழு மணிக்குப் பயணியர் பங்களாவை அடைந்தோம். பதினொன்றுக்குத்தான் கூப்பிட்டார்கள். அதிகாரி தமிழர், கண்டிப்பான முகம். என்னிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு அண்ணி பக்கம் திரும்பினார்.

"கல்யாணத்தை நீங்க நேரில் பார்த்தீங்களா?"

"இல்ல சாமி. நான் கடலைக்கூட தாண்டினதில்ல."

"அப்புறம் இவள் உங்க கொழுந்தனார் பெண்சாதின்னு எப்படிச் சொல்றீங்க?"

"ரெண்டு வருசமா இவளோட சண்டை போட்டுகினு கீறேன் சாமி."

குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"வந்து போற பொம்பளையா இருந்தா சோத்தப் போட்டு அனுப்பிட்டிருப்பேன். அவளோட எனக்கு இன்னா சண்டை? எங்க ஊட்டு அடுப்புல இவளுக்கும் பங்கு கீது. அதான் சண்டை. எங்க மாமனாரு செத்தப்போ எனக்கு அடுத்து இவதான் வாய்க்கரிசி போட்டா. ஊரே பாத்துச்சு. ஒருத்தரும் கூடாதுன்னு சொல்லல."

"உங்களுக்கு இவளைப் பிடிக்காதுபோல இருக்கே?"

"என் தங்கச்சிய கட்டிக்க வேண்டியவரு சாமி. ஆத்திரம் இல்லாமயா இருக்கும்? அதுக்காவ கீறத இல்லன்னு சொல்லுவேனா?"

பிறகு அதிகாரி மாலியிடம், தமிழ் தெரியுமா, போர் முடிந்ததும் உன் தேசத்துக்குப் போய்விடுவாயா என்று கேட்டார். மாலி எழுந்து நின்றாள்.

"என் ஊடு கோவில்பதாகைல கீது சாமி. அத வுட்டுட்டு நான் எங்க போவேன்?"

அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அதிகாரி உட்பட. எனக்குக் கண் நிறைந்தது. அவளுக்கு நான் புத்தகத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன், ஒன்றும் ஏறவில்லை. அவள் பேசியது அண்ணியின் தமிழ். அடுப்படியில் வாங்கிய ஒவ்வொரு திட்டிலிருந்தும் பொறுக்கியது. அந்த இரண்டு பெண்களும் என் வீட்டார் என்று நினைக்கையில் என் நெஞ்சு விம்மியது. இன்றும் அப்படித்தான்.

பங்களாவுக்கு எதிரே இருந்த சோற்றுக் கடை மத்தியானம் மூடுவதற்குள் உத்தரவு கைக்கு வந்துவிட்டது. மாலி என் மனைவி. காவல் முகாம் இல்லை. வெளியூர் போனால் மட்டும் போலீஸ் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். கடையில் அண்ணியின் இலையில் மாலி தன் அப்பளத்தை எடுத்து வைத்தாள். அண்ணி தள்ளவில்லை. திரும்பும் வழியில் நான் நன்றி சொல்ல ஆரம்பித்தேன். "போதும் கொழுந்தனாரே, குதிர பயப்படுது" என்றார்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பத்து மணிக்கு முன் போய் உட்காருங்கள். பங்களா வாசலில் நிழல் கிடையாது, குடை எடுத்துப் போங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே அடுப்பில் சமையல் நடந்ததும், சாவுக்கும் நல்லதுக்கும் மனைவி உங்கள் வீட்டாரோடு நின்றதும் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். அதைக் கண்ணால் பார்த்தவரை அழைத்துப் போங்கள். இனிக்க இனிக்கப் பேசும் ஆள் வேண்டாம். உள்ளதைச் சொல்பவராக இருக்கட்டும், உங்கள்மேல் கோபம் இருந்தாலும் பரவாயில்லை. மனைவியையே பதில் சொல்ல விடுங்கள், குறுக்கே பேசாதீர்கள்.

வீட்டில் சண்டை நின்றுவிட்டதா என்று கேட்காதீர்கள், நிற்கவில்லை. ஆனால் போன வாரம் இருவரும் ஆவடிச் சந்தைக்குப் போயிருந்தார்கள். நான் பை தூக்கிக்கொண்டு பின்னால். மாலியின் முகத்தைப் பார்த்த கத்தரிக்காய்க்காரர் விலையைச் சொல்லாமல், "எந்த தேசம்மா நீ?" என்றார். மாலி வாய் திறப்பதற்குள் அண்ணி கூடையைத் தன் பக்கம் இழுத்தார்.

"எங்க ஊட்டு மருமவ. வெலையச் சொல்லு."