இளவரசன் இடுப்பில் கட்டிய கயிறு

நான் எழுதிய ஒரே சரித்திரக் காதல் நாவலில் அத்தியாயத்துக்கு ஒருவர் வெட்டுப்பட்டுச் சாவார். அச்சில் யாருக்கும் வலிக்கவில்லை, வாசித்தவர்களுக்குத்தான் வலித்திருக்கும். சேந்தமங்கலத்து நாடகக் குழு ஒன்று அதை மேடையேற்றியதும் அடிவார ஊர்களில் கூட்டம் அலைமோதியது. சமவெளி இளவரசன் மலைத்தலைவன் மகளைக் காதலித்து, குறுக்கே வரும் அவள் முறைமாமனை வெட்டிவிட்டு அவளைக் கொண்டுபோகிற கதை. கீழே அந்த வெட்டுக்கு விசில் பறக்கும்.

தொண்ணூற்றெட்டில் கொல்லிமலை வாழவந்தி நாட்டில் நோம்பித் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டி மத்தியானமே ஆட்டம். தொடங்குமுன் ஊர்க்காரர் இருவர் கயிற்றோடு வந்தார்கள்.

"ஏனுங்க, வெட்டற வேசம் யாருங்க?"

அங்கே கூத்தில் கொலை செய்பவன் இடுப்பில் கயிறு கட்டி இருவர் பிடித்துக்கொள்வார்கள், ஆவேசத்தில் நிஜமாகவே வெட்டிவிடாதிருக்க. எங்கள் இளவரசன் ஜவுளிக்கடைக்காரர். அவருக்கு ஆவேசம் வந்து யாரும் பார்த்ததில்லை. இருந்தும் கட்டிக்கொண்டார்.

வெட்டுக் காட்சி வந்தது. வாளை ஓங்கினார், கயிறு பின்னால் இழுத்தது. மறுபடி ஓங்கினார், மல்லாக்க விழுந்தார்.

"எவன்டா இழுக்கறது?"

"பொண்ணுக்கு உரிமைக்காரனையே வெட்டுவியாடா?"

முதல் அடி கயிறு பிடித்தவருடையது. பிறகு கூட்டமே மேடையேறியது. பெஞ்சுக்கால் மண்டையில் இறங்கியது. வலது தோள் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. முன்பல் ஒன்று என் செருப்பருகே வந்து விழுந்தது. கயிறு இருந்ததால் மனிதரால் ஓடவும் முடியவில்லை.

முறைமாமனாக நடித்த லாரி டிரைவர் குறுக்கே பாய்ந்தார். "உடுங்க, நான் நல்லாத்தான இருக்கறேன்!"

"நீ சும்மா இரு மாமா, உனக்காகத்தான் அடிக்கறோம்."

யாரோ கயிற்றை அவிழ்த்து இளவரசன் கழுத்தில் மாட்டினார்கள். "இத எழுதுனவன் எவன்டா?" என்றது ஒரு குரல். நான் பலாமரத்துக்குப் பின்னால் நின்று மிளகுக்கொடியை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

ஊர்ப் பெரியவர் கையைத் தூக்கினார். "நிறுத்துங்கடா! புள்ளையக் கேட்டீங்களா?"

பெண் விவகாரத்தில் சபை நடுவே அவள் சொல்வதுதான் அங்கே முடிவு. தலைவன் மகளாக நடித்த சேலத்து நடிகையை முன்னால் நிறுத்தினார்கள்.

"கண்ணு, நீ யாருகூடப் போற?"

நாவலில் இந்தக் கேள்வியே இல்லை. அவளிடம் மனப்பாடமான பதிலும் இல்லை. 'நீ நடிக்க வந்தியா, மாவாட்ட வந்தியா' என்று ஒத்திகை தோறும் திட்டியவர், கழுத்தில் கயிறும் வாயில் ரத்தமுமாக அவளையே பார்த்தார். அவளும் அவசரமில்லாமல் பார்த்தாள்.

"இவருகூடத்தானுங்க. மல எறங்கற வரைக்கும்."

கயிறு தளர்ந்தது. "அப்புறமென்ன, புள்ள சொல்லிருச்சு" என்றார் பெரியவர். "வெட்டு, சாமி."

இளவரசனால் வலது கையை அசைக்கக்கூட முடியவில்லை. சற்றுப் பொறுத்துப் பார்த்த முறைமாமன் தானே ஓடிவந்து, தரையில் கிடந்த வாள்மேல் விழுந்து செத்தார். கீழே எங்கும் கேட்காத விசில்.

இறங்குமுன் அடுத்த வருடத்துக்கும் இதே நாடகம் என்று வெற்றிலை பாக்கு வைத்தார்கள். இளவரசன் இடது கையால் வாங்கி, ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"வாரோமுங்க. கயித்தப் புடிக்க ஆளு மட்டும் நாங்களே கூட்டியாறோம்."