அக்கா முதலில் வைத்த வரியை நான் எடுத்தேன்

எங்கள் அக்கா கடப்பாக்கத்தில் பிறந்தவர். அப்பா கடல்தொழில். செங்கல்பட்டில் தங்கி டிப்ளமா படித்து, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். இயந்திரத்தை இயக்கும் முறையைப் பொறியாளர்கள் எழுதித் தருவார்கள். அதைத் திருத்துவது அக்காவின் வேலை. முழுவதும் திருத்த நேரம் கிடைக்காது. அதனால் ஆளுக்கு ஆபத்து எதுவோ அதை முதலில் பார்ப்பார். பிறகு வேலையின் வரிசை. நடையழகு கடைசி.

கோவளத்தில் நான் வேலை செய்யும் ஐஸ் கம்பெனியில், ஐஸ் உடைக்கும் இயந்திரத்துக்குக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். அக்காவிடம் காட்டினேன். பஸ்ஸுக்கு அரை மணி நேரமே இருந்தது. ஒன்பதாவதாக நான் எழுதியிருந்த, "கட்டி சிக்கினால் மெயினை அணைத்த பிறகே கையை உள்ளே விடவும்" என்ற வரியை மேலே கொண்டுபோய்க் கட்டம் போட்டார். மற்றதை அப்படியே விட்டார்.

"இன்னாக்கா, என் எழுத்து அப்டியே கீது. சிரிப்பாங்க" என்றேன்.

"சிரிக்கட்டும்டா. கை இருந்தாத்தானே தட்டிச் சிரிப்பாங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. டைப் அடிக்கும் கடையில் உட்கார்ந்து நடையை அழகாக்கினேன். ஒரே பக்கத்தில் அடங்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று அக்கா கட்டம் போட்ட வரியை எடுத்துவிட்டேன்.

அந்தத் தாளைப் பார்த்து வேலை பழகிய மாமா மகன் தேசிங்கு மச்சானுக்கு இரண்டு விரல் போயிற்று. முதலாளி கேட்டபோது, "அக்கா திருத்திக் கொடுத்ததுதான்" என்றேன். உறவெல்லாம் அதையே நம்பியது. மச்சான் தன் மகள் கல்யாணத்துக்கு அக்காவை அழைக்கவில்லை.

ஐஸ் கம்பெனியில் ஒட்டியிருந்த தாளை அக்கா ஒருமுறை வந்து படித்தார். என் முகத்தைப் பார்த்தார். கடைசியாக மருத்துவமனையில் இருந்த நாட்கள் வரை யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்காவின் இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் மச்சானிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"உங்க அக்கா இருக்கசொல்ல இத்த சொல்லியிருந்தா, நான் போய் அவங்க கைய புடிச்சிருப்பேன்டா" என்றார்.

நோயில் அக்காவைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், தூக்க வந்தவர்களுக்கும், இன்று ஆண்டு நினைவுக்கு வந்திருப்பவர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். அக்காவின் மேல் இன்னும் யாருக்காவது வருத்தம் இருந்தால், அதை என் மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

– தம்பி