சுத்தியல் அண்ணன் சொன்ன விலை

படகின் பின்பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். இயந்திரம் மாட்டியிருக்கும் பலகையில் சின்னச் சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்டு, ஒரு சாண் தள்ளி மறுபடி தட்டுவார். கணீரென்று கேட்டால் நகர்ந்துவிடுவார். மந்தமாகக் கேட்டால் அங்கேயே நிற்பார். உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். படகுப் பட்டறையில் சுத்தியல் அண்ணன் என்றால்தான் அவரைத் தெரியும். பழைய விசைப்படகை விற்கிறவரும் சரி, வாங்குகிறவரும் சரி, அவர் வாயிலிருந்து விலை வரட்டும் என்று காத்திருப்பார்கள்.

நான் அந்தப் பட்டறை வாசலில் தையல் மிஷின் போட்டு, படகு இருக்கைகளுக்கு உறை தைக்கிறவள். அதனால் அவர் இருக்கையைச் சோதிப்பதை விடாமல் பார்ப்பேன். முதலில் மீட்டர் எத்தனை மணி நேர ஓட்டம் காட்டுகிறது என்று பார்ப்பார். பிறகு ஓட்டுகிறவரின் இருக்கையைக் கையால் அமுக்குவார். “நூறு மணி நேரந்தான் ஓடுச்சுன்னு மீட்டர் சொல்லுது. அதுக்குள்ள இவ்வளவு பள்ளம் விழணும்னா, ஓட்டினது ஆளா யானையா?” என்பார். விற்க வந்தவர் அசடு வழிவார்.

மனுஷர் நல்லவர். யாரிடமும் கை நீட்டமாட்டார். ஒரே ஒரு குறை, பொறாமை. ஆண்டவன் அவருக்குக் கூர்மையான கண்ணைக் கொடுக்கும்போது அதில் ஒரு துளி மிளகாயையும் விட்டுவிட்டான்போல. ஓட்டைப் படகென்றால் சிரித்துப் பேசுவார். உடையவரின் பிள்ளைகுட்டிகளை விசாரிப்பார். படகு நன்றாக இருந்துவிட்டால் கசாயம் குடித்தவர்போல முகம் சுருங்கிவிடும். “பரவால்ல” என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. எங்கள் மெக்கானிக் அந்த முகத்தைப் பார்த்ததுமே வாங்குகிறவர் காதில், “விட்றாதீங்க, அண்ணனுக்கு வயிறு எரியுது” என்று ஓதிவிடுவார். ஊரார் படகுக்கெல்லாம் விலை சொல்கிறவருக்குச் சொந்தமாக ஒரு துடுப்புகூடக் கிடையாது.

போன மழைக்குப் பிறகு பல் டாக்டரின் படகு விற்பனைக்கு வந்தது. வெள்ளை உடம்பு, நீலக் கோடு. டாக்டருக்கு முழங்கால் போய்விட்டதால் அவர் மனைவி கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அண்ணன் தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வருவார். பூட்டு சரியாக இருக்கிறதா, உறை நனைந்திருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வார். உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தையைப் போர்த்துகிறமாதிரி மூடிவிட்டுப் போவார். எனக்குப் பாவமாக இருக்கும்.

அந்தப் படகைத்தான் அவருடைய சகலை கேட்டுவிட்டார். மனைவியின் தங்கை வீட்டுக்காரர். தரை ஓடு வியாபாரம், நல்ல செழிப்பு. மாமியார் வீட்டில் மின்விசிறிக்கு நேர்கீழே இருக்கும் நாற்காலி ஒருகாலத்தில் அண்ணனுடையது. இப்போது அதில் சகலை உட்காருகிறார். இது எனக்குத் தெரியும், ஏனென்றால் அண்ணன் வாரம் ஒருமுறையாவது சொல்லுவார். சகலைக்கோ இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. “அண்ணே, நீங்க சொன்னா வாங்கறேன், இல்லேன்னா வேணாம்” என்று கூடவே வந்து நின்றார்.

அண்ணன் தட்டினார். கணீர். நகர்ந்து தட்டினார். கணீர். எங்காவது ஓரிடம் மந்தமாகக் கேட்காதா என்று இரண்டாம் முறையும் சுற்றி வந்தார். கேட்கவில்லை. முகம் எலுமிச்சம்பழத் தோல்போலச் சுருங்கிப்போயிருந்தது. அந்த முகத்தோடு, சொல்லவேண்டிய விலையில் பாதியைச் சொன்னார்.

அவர் போட்ட கணக்கு எங்களுக்குப் புரிந்தது. டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும், படகை வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போவார், சகலைக்குக் கிடைக்காது. அண்ணன் முகத்தைப் பார்த்து மெக்கானிக் தொண்டையைக் கனைத்தார். என் மிஷின் தானாக நின்றது.

டாக்டரம்மா சாவியை எடுத்து நீட்டினார். “குடுக்கறதக் குடுத்துட்டு இழுத்துட்டுப் போங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்கு சக்களத்தியா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா எங்க வீட்டுக்காரர் மூஞ்சியப் பாக்க முடியாது.”

சகலையின் கை சாவிக்கு நீண்டது. அண்ணன் நடுவில் புகுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இல்லம்மா. தப்பா சொல்லிட்டேன். இதுல ஒரு கொறையும் இல்ல” என்றார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, சரியான விலையைச் சொன்னார். சொன்ன விலையை அவர் மாற்றி நாங்கள் கேட்டதே இல்லை. மனசாட்சி உறுத்தியதா, சகலைக்கு மலிவாகப் போகிறதே என்ற வயிற்றெரிச்சலா, அது அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

சகலை ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால் அண்ணனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “அண்ணன் சொன்னா சரிதான்” என்று முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார்.

மறுவாரம் குடும்பத்தோடு படகை இறக்கினார்கள். மாமியார் முன்னிருக்கையில். அண்ணனின் மனைவியும் தங்கையோடு ஏறிக்கொண்டார். அண்ணனையும் கூப்பிட்டார்கள், கயிறு அவிழ்க்க ஆள் வேண்டாமா என்று கரையிலேயே நின்றுவிட்டார். சாவியைத் திருப்பியதுமே இயந்திரம் பிடித்துக்கொண்டது. அண்ணன் குனிந்து முடிச்சை அவிழ்த்து, கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்தார்.

“அண்ணே, விடுங்க, போலாம்” என்றார் சகலை.

“ம்” என்றார் அண்ணன். கயிற்றை மணிக்கட்டில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.