டிக்கியில் சேர்ந்த ரைபோசோம்

மே மாதம் ஒரு பெண்ணின் நாலு வருஷப் படிப்பை கார் டிக்கியில் வைத்துப் பூட்டினேன். புது சீட் கவருக்காக! இந்த வாரம்தான் அதை வெளியே சொல்லும் தைரியம் வந்திருக்கிறது.

எங்கள் மாடியில் குடியிருக்கும் ரம்யா, முத்துப்பேட்டைக்காரி. தஞ்சாவூரில் பிஎச்.டி. செய்கிறாள். ஊர் அலையாத்திக் காட்டுச் சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவை எடுத்துவந்து, அதன் ரைபோசோம் எப்படி உருவாகிறது என்று ஆராய்கிறாள்.

ரைபோசோம்? உயிருக்குத் தேவையான புரதங்களைச் செய்கிற குட்டி இயந்திரம். அதன் சின்னப் பாதியில் மட்டும் ஒரு ஆர்.என்.ஏ. இழை, இருபது சொச்சம் புரதங்கள். எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து மறுபடி ஒரே குழாயில் போட்டால்... தானாகவே சேர்ந்துகொள்ளுமாம்! முதலில் சில புரதங்கள் இழையில் ஒட்டும். இழை மடங்கும். அந்த மடிப்பில்தான் அடுத்த புரதங்களுக்கு இடம் கிடைக்கும். மேற்பார்வைக்கு ஆள் கிடையாது. எங்கள் தெரு நலச் சங்கத்திலும் இருபது பேர்தான். தலைவர் இல்லாமல் ஒரு கூட்டமாவது...? சரி, விடுங்கள்.

ரம்யாவின் குழாயில் ஒரு சிக்கல். ஐஸில் வைத்தால் பாதியோடு நின்றுவிடும் – அது எதிர்பார்த்ததுதான். சூடேற்றினால் மீதியும் சேர வேண்டும். இருபது நிமிடம் சூடேற்றியும் சேரவில்லை. "புரதமே கெட்டுப்போயிருக்கும். இந்தத் தடவையும் வரலைன்னா வேற தலைப்பு எடுத்துக்கம்மா" என்று கைடு சொல்லிவிட்டார். நாலு வருஷமும் வீண்.

புதிதாகப் புரதம் பிரித்து எடுத்து, ஆர்.என்.ஏ.வோடு குழாய்களில் கலந்தாள். சோதித்துப் பார்க்கும் இயந்திரம் திருவாரூரில். அங்கே போய் அளவாகச் சூடேற்றும்வரை குழாய்கள் ஐஸில் இருக்க வேண்டும், வெயில் பட்டால் புரதம் கெட்டுவிடுமாம். காரில் அழைத்துப் போனது நான்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கொளுத்தும் வெயில். ரம்யா டீ வாங்க இறங்கினாள். பின் சீட்டில் ஐஸ் பெட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. குழாய்களை விட்டுவிட்டு ஐஸை மட்டும் கொட்டினேன். பெட்டியை டிக்கியில் வைத்தேன். அவளிடம் சொல்ல மறந்தேன்.

திருவாரூரில் பெட்டியைத் திறந்தவளின் முகம் வெளுத்துப்போனது.

"ஐஸ் எங்க சார்?"

"ஒழுகுச்சும்மா... கொட்டிட்டேன்."

"இதுக்கு மேல புரதம் இல்ல சார். ரெண்டு மாசமா எடுத்தது."

திட்டியிருந்தால் தேவலை. வெட்கத்தில் தலைகுனிந்து நின்றேன்.

வந்ததற்குப் பார்த்துவிடுவோம் என்று குழாயை இயந்திரத்தில் வைத்தாள். மாலையில் ஓடி வந்தாள். "சார், முழுசா சேர்ந்திருக்கு! புரதம் கெடவே இல்ல. அதுக்கு நேரம்தான் பத்தல!"

டிக்கிச் சூட்டில் ஒன்றரை மணி நேரம் கிடந்ததல்லவா!

ஸ்வீட் வாங்கக் கிளம்பினேன். தடுத்துவிட்டாள். "இருங்க சார். ஒரு தடவை வந்தா ஆச்சா? திரும்பத் திரும்ப வரணும்."

மறுபடி புரதம் எடுத்தாள். இந்த முறை ஆய்வகத்திலேயே ஒன்றரை மணி நேரம் சூடு. மூன்று தடவை செய்தாள், மூன்றிலும் சேர்ந்தது. தலைப்பு மாறவில்லை என்று இந்தச் செவ்வாய்க்கிழமை சொன்னாள். எனக்கு அந்தப் புரதங்களைவிட இவள்மீதுதான் மலைப்பு.

நாலு வருஷமாக மாடிப்படியில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் "இன்னுமா முடியல?" என்று கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

செவ்வாய்க்கிழமை, "காபி சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டேன்.