நேற்று என்ன சமைத்தீர்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் யாரோ நாட்டுக்கோழிக்கு மிளகு வறுத்தார்கள். மாடிப்படியிலேயே நின்றுவிட்டேன். உடம்புதான் சென்னையில் நின்றது. மூக்கு பெரம்பலூர்ப் பக்கத்துப் பூலாம்பாடிக்கு பஸ் ஏறிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குப் பெரம்பலூரில் வேலை. சென்னையிலிருந்த ஒரு பொருளாதார ஆராய்ச்சி நிறுவனம், மழையை நம்பி வெள்ளாமை செய்கிறவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று வருஷாவருஷம் அதே வீடுகளில் கேட்டுவர என்னை வைத்திருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை, மூன்று கால் மேஜை, இரவல் சைக்கிள். இதற்குப் பெயர் ஆபீஸ். ஆனால் ஊருக்குள் நுழைந்துவிட்டால் நான் ‘மெட்ராஸ் சார்’. நடையே மாறிவிடும், அதை மறைப்பானேன்.

முதல் நாள் நிலம், மாடு, விளைச்சல் எல்லாம் கேட்பேன். மறுநாள் அதே வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பேன்: நேற்று என்ன சமைத்தீர்கள்? சொல்வதை அப்படியே எழுத வேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்பது சென்னையின் கட்டளை.

பூலாம்பாடியைத் தாண்டி ஓர் ஊரில் பச்சையம்மா அக்கா பருத்தி போட்டிருந்தார். இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிவிட்டது. செடி நின்றபடியே கருகியது. வீட்டில் மூன்று வேளையும் சோளக்கூழ்தான். இருந்தாலும் என் கேள்விகளுக்கு அவர் சலித்துக்கொண்டதே இல்லை.

“நீங்க எழுதிட்டுப் போனாத்தான் தம்பி, நாங்க படற பாடு மெட்ராஸ்ல நாலு பேருக்குத் தெரியும்.”

பணம் காசு கேட்கவில்லை. தெரிந்தால் போதும் என்றார். அப்படிப்பட்டவர், நான் போகும் முதல் நாள் கோழி அடித்துவிடுவார். அவர் மட்டுமா, நான் போன வீட்டிலெல்லாம் இதே கூத்துதான். பேச்சுக்கு ஒரு தடவை வேண்டாம் என்பேன், அப்புறம் விரலைச் சப்பிச் சப்பிச் சாப்பிடுவேன். மறுநாள் கேட்டால் பொய்யா சொல்வார்? சோறும் கோழிக்குழம்பும் என்பார். கட்டளைப்படி எழுதுவேன்.

பெரம்பலூருக்கு ரயில் ஏது? எங்கள் நிறுவன டைரக்டர் வந்தால் அரியலூரில்தான் இறங்குவார். அந்த வருஷம் அவரைக் கூட்டிவரப் போனேன். சிமெண்ட் லாரிகள் கிளப்பிய புழுதிக்கு நடுவே, டீக்கடையில் வைத்து விஷயத்தைச் சொன்னார். நிறுவனத்துக்கு வருகிற நிதி குறைந்துவிட்டது. ரொம்பக் கஷ்டப்படுகிற ஊர்களை மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறார்கள். நீ எழுதியனுப்பியபடி நம் ஊர்களில்தான் வறட்சியிலும் கறி சாப்பிடுகிறார்களே, அதனால் இவற்றை விட்டுவிடுகிறோம் என்றார்.

“சார், அது எனக்காக அடிச்ச கோழி சார்.”

நல்ல மனிதர். கோபப்படவில்லை.

“புரியுதுப்பா. அதை எந்தக் கேள்விக்குக் கீழ எழுதுவ?”

நான் எம்.ஏ. வரை படித்த பொருளாதாரத்தில் அதற்கு ஓர் இடம் இருந்ததாக நினைவில்லை.

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். சேலைத் தலைப்பை முறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அதுக்குன்னு வூடு தேடி வந்த புள்ளைக்குக் கூழையா ஊத்துவேன்?” என்றார். அப்புறம், “அப்ப இனிமே அங்க யாருக்கும் தெரியாதா தம்பி?” என்றார்.

அன்றைக்கும் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

அந்த மாடி அறை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். பருத்திக் காடெல்லாம் மக்காச்சோளம் ஆகிவிட்டது. ஒரே வாசலில் வருஷாவருஷம் போய் நின்று, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு ஒருவனுக்குச் சம்பளம் கொடுத்த காலம் அது. இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

அந்த ஊர்களை விட்ட மறுவருஷம், வழக்கமாகப் போகிற மாசம் வந்ததும் கால் நிற்கவில்லை. யாரும் அனுப்பாமலே பஸ் ஏறிப் போனேன். அக்கா வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள் என்றார் எதிர்வீட்டுக்காரர். திருப்பூரில் எங்கே என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தெரு முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை.