படுத்துக் கிடந்த ஜோடி

என் தங்கை ஹில்லா, பின்லாந்தின் லபுவா ஊர் பேக்கரியில் மாவு பிசைபவள். ஞாயிறானால் மண்பாதையில் கார்ப்பந்தயம் ஓட்டுவாள். மறுநாள் பந்தயம், காரின் பின்பக்க ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் கசிந்துவிட்டது. அவளோடு போட்டியிடும் ஒஸ்மோவின் கொட்டகையில், இறுக்கத்தைத் திருகி மாற்றும் பழைய ஜோடி ஒன்று கிடந்தது.

ஒன்றை எடுத்து அழுத்தினேன். தண்டு பாதிவரை தடையில்லாமல் இறங்கியது.

"செத்துப்போச்சு, ஹில்லா. வா போலாம்."

"படுத்தே கிடந்திருக்குண்ணே, எண்ணெய்க்குள்ள காத்து புகுந்திருக்கும்."

நிமிர்த்திப் பிடித்துப் பலமுறை அழுத்தி இழுத்தாள். அந்த வெற்று ஆட்டம் மறைந்தது. பிறகு இறுக்கத்தைக் கூட்டினாள்; இழுக்க மூச்சுப் பிடிக்க வேண்டியிருந்தது. மற்றதும் அப்படியே.

"தெரிஞ்சிருந்தா நானே மாட்டியிருப்பேன்" என்று முனகிக்கொண்டே ஒஸ்மோ ஜோடியை அவளிடம் கொடுத்தான்.

"நாளைக்கு என் பின்னாடியே வந்து நல்லாப் பாத்துக்க" என்றாள் ஹில்லா.

அன்றைய சனிக்கிழமை சவுனா நீராவிக் குளியலையும் விட்டுவிட்டு அவளே மாட்டி முடித்தாள். ஸ்பானர் எடுத்துக்கொடுக்கும் பாக்கியம் எனக்கு.