எக்ஸ் போட்ட கட்டம்

மூன்று வருடத்துக்கு முந்திய ஆயுத பூசை நாள். பல்லேகலையில் தேயிலை பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் இளநிலைப் பொறியியலாளராக நான் சேர்ந்த புதிது. அன்று நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் தொழிலாளர்கள் பெரும்பாலும் ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். தோட்டத்துத் தொழிற்சாலைகளில் செய்வதுபோலவே இங்கேயும் ஆயுத பூசைக்கு மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவார்கள். ஆனால் கரண்டை நிறுத்தமாட்டார்கள். பூசை முடிந்த கையோடு மெஷின் ஒருமுறை ஓட வேண்டும், அதனால் மெஷினின் கரண்ட் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதுதான் பொட்டு வைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

அன்று பை ஒட்டும் மெஷினின் முறை. சூடான இரண்டு இரும்புத் தாடைகள் மூடிப் பையின் வாயை ஒட்டும், நடுவிலுள்ள கத்தி வெட்டும். தாடைகளுக்கு முன்னால் ஒரு காப்புக் கதவு உண்டு. தாடை மூட வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் இருக்கும் பச்சைப் பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அந்த மெஷினில் வேலை செய்யும் அக்கா கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு, தாடைக்கு மாலை சுற்றிக்கொண்டிருந்தார். வெளியே நின்ற இன்னொருத்தி இரண்டு கையிலும் சந்தனத்தைத் தொட்டு, இரண்டு பொத்தானுக்கும் ஒன்றாகப் பொட்டு வைத்தாள்.

படாரென்று தாடை மூடியது. அக்கா எப்படிக் கையை இழுத்தாரோ தெரியாது. மாலை இரண்டு துண்டாக விழுந்தது. அவருடைய இரண்டு விரல் நுனிகள் வெந்துபோயின. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கையே போயிருக்கும். விரல்களைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்.

“கதவு தொறந்துதானே இருந்திச்சு மிஸ்.”

கதவு திறந்திருந்தால் தாடை அசையவே கூடாது. நான் மெஷினை இயக்கும் மின்சுற்று அட்டையைக் கழற்றிப் பார்த்தேன். பழைய அட்டை எரிந்தபோது டொலர் நெருக்கடியில் புதியது வரவில்லை என்று எங்கள் மூத்த பொறியியலாளரே செய்து போட்ட அட்டை அது. கதவு திறந்திருப்பதைச் சொல்லும் வயர் அட்டைவரை வந்து, எதனோடும் சேராமல் சும்மா நின்றது.

அவரிடம் போய்க் கேட்டேன். கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை மனுஷன். எந்தெந்த நிலையில் மெஷின் இயங்க வேண்டும் என்று கட்டம் கட்டமாகக் காட்டும் கார்னோ வரைபடத்தை வெள்ளைப் பலகையில் வரைந்து எனக்கே பாடம் எடுத்தார். இடது பொத்தான், வலது பொத்தான், கதவு என்று மூன்று விஷயம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை, ஆக எட்டுக் கட்டம். தாடை மூட வேண்டிய நிலைக்கு 1, கூடாத நிலைக்கு 0. நடக்கவே நடக்காத நிலைக்கு எக்ஸ் போடலாம், அதை வசதிக்கு 1 என்றும் வைத்துக்கொள்ளலாம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 1களைச் சேர்த்து வட்டம் போட்டால், அவற்றுக்கிடையே மாறுகிற விஷயம் கணக்கிலிருந்து கழன்றுவிடும், மின்சுற்றும் சிறிதாகிவிடும். இதெல்லாம் நானும் படித்ததுதான். இரண்டு பொத்தானும் அழுத்தி, கதவும் மூடியிருக்கும் கட்டத்தில் 1 இருந்தது. அதே பொத்தான்கள் அழுத்தி, கதவு திறந்திருக்கும் கட்டத்தில் அவர் எக்ஸ் போட்டிருந்தார். இரண்டையும் சேர்த்து வட்டமிட்டதில் கழன்றுபோனது கதவு.

“ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா, உள்ள விட யாருக்கு மூணாவது கை இருக்கு?” என்று சிரித்தார்.

ஒரு மெஷினைச் சுற்றி எப்போதும் ஓர் ஆள்தான் நிற்பார் என்று இவருக்கு யார் சொன்னது? வருடா வருடம் தானும் நின்று பொங்கலும் சுண்டலும் வாங்கிச் சாப்பிடுகிற பூசைதானே? மெஷினைச் சுற்றி எத்தனை கைகள் என்று ஒருமுறையாவது பார்த்தாரா?

விசாரணைக் கூட்டத்தில் அவர் பேசியதைக் கேட்டபோது என் ரத்தம் கொதித்தது. தவறு முழுக்க அக்காவுடையதாம். கரண்ட் இருக்கும்போது கதவைத் திறந்தது ஒழுங்கு மீறலாம். அவரை வேலையைவிட்டு நிறுத்த வேண்டுமாம், பூசையையும் தடை செய்ய வேண்டுமாம். மெனேஜர் தலையாட்டிக்கொண்டிருந்தார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து பலகையில் அதே எட்டுக் கட்டத்தை வரைந்தேன். எக்ஸ் இருந்த இடத்தைக் காட்டினேன். அவரைப் பார்த்துக் கேட்டேன்.

“இது நடக்காதுன்னுதானே சேர் எக்ஸ் போட்டீங்க? அப்போ வாங்க, மெஷினுக்குப் போவோம். கதவத் தொறந்து நீங்க கைய உள்ள விடுங்க. பட்டன நான் அழுத்துறேன்.”

அவர் கை மேசைக்குக் கீழே போனது. அதைப் பார்த்துவிட்டு மெனேஜர் என்னிடம் அட்டையைத் திருத்தச் சொன்னார்.

எக்ஸை அழித்து 0 போட்டேன். கதவு மின்சுற்றுக்குள் திரும்பி வந்தது. அதற்குத் தேவைப்பட்டது ஒரேயொரு சின்ன மின்னணுச் சில்லுதான். அக்காவின் வேலையும் தப்பியது. இப்போது கரண்டை நிறுத்திவிட்டுத்தான் பூசை, அதுவும் சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மனுஷன் இன்றுவரை அக்காவிடம் கை எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போதும் யாராவது “அதெல்லாம் நடக்காது” என்று சொல்லி ஒரு கட்டத்தில் எக்ஸ் போட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. நடந்தால் உள்ளே மாட்டப்போவது தன் கை இல்லை என்று தெரிந்தவர்தான் அதை அவ்வளவு சுலபமாகப் போடுகிறார்.